பெட்டிக்குப் போட்ட புதுக் கொண்டி

ஊர் மோட்டாரையெல்லாம் ஓட வைத்த மனுஷன், தன் பெட்டிக்கு ஒரு கொண்டி போட்டுக்கொள்ளவில்லை. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் அப்பா உடையப்பன் இலுப்பூர் வட்டாரத்துக்கே மோட்டார் மெக்கானிக். ஆடியில் அவர் போய்ச் சேர்ந்ததும் அவருடைய ஸ்பானர், சுத்தியல் வைக்கும் இரும்புப் பெட்டி என் கைக்கு வந்தது. கொண்டி எந்தக் காலத்திலோ உடைந்திருக்கிறது. மூடியைச் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஆயுத பூஜையன்று காலையில் என் மனைவி ரஞ்சிதா ஆரம்பித்தாள். "அந்த டியூபோட சாமி முன்னாடி வைக்காதீங்க. பாக்கவே நல்லால்ல."

கடைத்தெருவில் புதுக் கொண்டி வாங்கி வந்து உட்கார்ந்தேன். பெட்டியின் பழைய துளை ஒரு பக்கம், கொண்டியின் துளை ஒரு பக்கம். வேறு துளை போட்டால் துருவேறிய தகரம் அப்பளமாய் நொறுங்கியது. ரிவிட் அடித்தால் கோணியது. பிடுங்கி மறுபடி அடித்ததில் கட்டைவிரல் நசுங்கியதுதான் மிச்சம். கடைசியில் எப்படியோ நின்றது. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து உள்ளே அடுக்கி மூடினேன். டக்கென்று விழுந்தது. ரஞ்சிதா சந்தனம், குங்குமம் வைத்தாள். சூடம் காட்டினோம். பூஜையில் வைத்ததை இனி மறுநாள் காலையில்தான் தொட வேண்டும். நான் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

உச்சி வெயிலில் போன் வந்தது. ஆவூர் சார்லஸ், கோழிப்பண்ணைக்காரன். அப்பா காலத்து வாடிக்கை.

"நாகராசண்ணே, மோட்டார் நின்னுருச்சு. டேங்குல பொட்டுத் தண்ணியில்ல. நாளைக்கு லோடு ஏத்துற கோழிண்ணே, வெக்கையில வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது. ஒடனே வாங்க."

"இந்தா வாரேன்" என்றேன்.

சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியை இழுத்தேன். கொண்டி அசையவில்லை. உள்ளே ரிவிட்டின் தலை அதன் நாக்கைக் கவ்விக்கொண்டிருந்தது. நெம்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்குள் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அழுகைதான் வந்தது.

சைக்கிள் கடைத் திருப்பதியிடம் ஓடினேன். வாசலில் பூசணிக்காய் உடைத்து, கதவைச் சாத்தியிருந்தார்.

"தரமாட்டேன்னு சொல்லலப்பா. பூசை முடிஞ்சு போச்சு. காலைல கேளு, கடையவே தாரேன்."

கடையையே தருவாராம்! பட்டறைக்குப் போனேன், அங்கேயும் அதே பதில். பக்கத்து வீட்டுக் கடப்பாரை நெற்றியில் பொட்டோடு சுவரில் சாய்ந்திருந்தது. அதையும் தொட விடவில்லை. யாரைத் திட்டுவது? என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சார்லஸ் மறுபடி கூப்பிட்டான். மெக்கானிக் எவனும் சொல்கிறதையே நானும் சொன்னேன். "வந்துக்கிட்டே இருக்கேன்ப்பா."

சொல்லும்போது என் வீட்டு வாசலில் குந்தியிருந்தேன், கையில் கருங்கல்.

"பெட்டி கெடக்கட்டும், நீங்க மொதல்ல கெளம்புங்க" என்றாள் ரஞ்சிதா.

"வெறுங்கையோட போயி என்னத்தப் புடுங்குறது?" என்று கத்தினேன். பெட்டியில்லாமல் அப்பா ஒரு வேலைக்கும் போனதில்லை. அவர் வாடிக்கைக்காரன் முன்னால் கையை வீசிக்கொண்டு போய் நின்றால், என்னை யார் மெக்கானிக் என்று மதிப்பார்கள்?

கல்லால் அடித்து அடித்து மூடி நசுங்கியதே தவிர, கொண்டி விடவில்லை. காலையில் கோணிக்கொண்டு நின்ற சனியன், இப்போது மலையாய் நின்றது. கடைசியில் பின்பக்கக் கீல்தான் பிய்ந்தது. பெட்டியைக் கயிற்றால் வண்டியில் கட்டிக்கொண்டு பறந்தேன். ஆவூர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது.

மோட்டார் ரூமில் சார்லஸ் நின்றான். கீழே சாக்கு விரித்து ஸ்பானர், கட்டிங் பிளையர், டெஸ்டர் என்று வரிசையாக எடுத்து வைத்திருந்தான். ஒன்றிலும் பொட்டு இல்லை. கதவுக்கு மேலே மாதா படம். ஜில்லாவில் உள்ள ஸ்பானரெல்லாம் இன்றைக்குப் பூஜையில் இருக்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

ஸ்டார்ட்டரில் ஒரு ஒயர் கருகியிருந்தது, அவ்வளவுதான். வெட்டி, சீவி, முறுக்கிவிட்டேன். அதுவும் அவன் பிளையரை எடுத்துத்தான். தண்ணீர் பீறிட்டு வந்தது. ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரோரமாக வெள்ளைக் குவியல்.

"எங்கிட்டு சுத்தி வந்தீங்கண்ணே?" என்றான் சார்லஸ். கோபமாகக்கூட இல்லை.

"பெட்டி தொறக்கலப்பா."

அவன் பெட்டியைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். "மாத்தூர் மெக்கானிக்கக் கூப்புடவான்னு பாத்திமா கேட்டுக்கிட்டே இருந்தா. அண்ணன் வந்துக்கிட்டிருக்காருன்னு நாந்தான் வேணாம்னுட்டேன்."

அவன் மனைவி பாத்திமா செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சாக்கின் வாயைப் பிடித்தேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவள் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.