அக்கா பென்சிலில் எழுதியது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தபாலில் வந்து சேர்ந்தது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற ஒருவர் மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் போடுவார். நலமா கிலமா எதுவும் இருக்காது. ‘சமீபத்தில் படித்தவை’ என்று தலைப்பு, கீழே தீர்ப்புகள்.

ஒரு துறைமுகத்தின் வரலாறு: ‘நானூறு பக்கம். வந்து இறங்கிய ராஜாக்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மூட்டை தூக்கியவன் ஒருவன்கூட இல்லை.’

ஒரு குடும்ப நாவல்: ‘கதாநாயகி அழுகிறாள், வெளியே மழையும் பெய்கிறது. இரண்டில் ஒன்று போதும்.’

ஒரு பஞ்சத்தின் வரலாறு: ‘இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல புத்தகம்.’

என் நாவல்: ‘எல்லாரும் உங்களைப் போலவே பேசுகிறார்கள். வேலைக்காரி உட்பட.’

(மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றிவிட்டது. அதில் கோபம் இன்னும் கூடியது.)

போன தடவை வந்த கடிதத்தில் ஒரே ஒரு புத்தகம்தான், ஒரு கால்வாயின் வரலாறு. ‘கருத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நேரில் வந்தால் சொல்கிறேன்.’

போனேன்.

2

ஆரம்பத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடம் ஆகிறது. ஆனால் ஒரே நூலகத்தில்தான் இருவரும்…’

வேண்டாம், தொலைக்காட்சித் தொடர் மாதிரி இருக்கிறது. இன்னொன்று: ‘மறதி என்பது ஒரு வகை…’ இதைவிட அது மேல். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு மாதமும் பார்த்துக்கொண்டது அக்காதான். தம்பி, அதாவது எனக்குக் கடிதம் போடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை வருவார். ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு நாவல் படிப்பார், சாயங்காலம் கிளம்பிவிடுவார். எல்லாம் முடிந்த அன்று அக்கா கேட்டாள்: “அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்கக்கூடத் தோணலையாடா உனக்கு?” இவருக்குச் சுருக்கென்றது. குற்றம் உள்ளவனுக்கு வருகிற கோபம்தான் வந்தது. “நீதான் எல்லாம் செஞ்சேன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லணுமோ சொல்லிக்கோ” என்று சொல்லிவிட்டு வந்தவர்தான். அதோடு பேச்சு நின்றது.

3

இனி அவருடைய பழக்கம். வரைபடக்காரர்கள் முதலில் பென்சிலில் கோடு போடுவார்கள், மேலே மை ஓட்டியதும் பென்சிலை அழிப்பார்கள். தாள் தேயாமல், தடம் தெரியாமல் அழிப்பதில் இவரை மிஞ்ச அலுவலகத்தில் ஆள் கிடையாது. நூலகப் புத்தகத்தின் ஓரங்களில் யாராவது கிறுக்கியிருந்தால் இவருக்குப் பொறுக்காது. அடுத்தவன் கருத்து கண்ணில் பட்டால் தன் கருத்து கெட்டுவிடுமாம். அதனால் படிக்கும் முன்பே ரப்பரும் கையுமாக உட்கார்ந்து மொத்தத்தையும் அழித்துவிடுவார். தப்பித்தவறிக்கூட ஓர் எழுத்தைப் படித்துவிடக் கூடாது என்று, அந்த வேலைக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

(இந்த இடத்தை நான் ஜோடிக்கவில்லை. அவர் செய்து காட்டினார்.)

கால்வாய்ப் புத்தகத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் பென்சில் எழுத்து. எவனோ வேலையற்றவன் என்று திட்டிக்கொண்டே அழித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசியில் மடித்து ஒட்டியிருந்த வரைபடத்தைத் தொழில் ஆசையில் பிரித்தார். அதன் பின்பக்கத்தை அழிக்காமல் விட்டிருந்தார். அக்காவின் கையெழுத்து. அவளுக்கும் அதே நூலகம்தான்; வரலாறு என்றால் தம்பி எடுக்காமல் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

‘…அதைத்தான் அம்மா உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. அதுதான் அவங்க கடைசியா பேசினது. நான் சொல்லிட்டேன். இனி நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம், தம்பி.’

அந்த முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். கைத்திறமை அப்படி, ஒரு தடமும் இல்லை.

“போய்க் கேட்டுடலாமே” என்றேன்.

“என்ன முகத்தோட போறது சார்? அம்மா என்னை மன்னிச்சிருந்தா போனதும் கால்ல விழணும். திட்டியிருந்தா தலையைக் குனிஞ்சுக்கணும். எதுன்னு எனக்குத் தெரியலையே. படிக்காமலே அழிச்சேன்னு அவகிட்ட எந்த வாயால சொல்ல?”

அவர் அழுதார். நான் எதை எங்கே வைப்பது என்று மனதில் கதையை அடுக்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

4

இங்கிருந்து கதை என்னுடையது.

அம்மா என்ன சொன்னார் என்று தெரியாமல் கதை நிற்கவில்லை. அதனால் அவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். சலவைக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. ஜன்னல் கம்பியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. தம்பிக்குத் தெரிந்தவன் என்றதும் உட்காரக்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு அவசரம்.

“அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தடமே இல்லாம அழிச்சிருக்கான், அவன் கைதான். நீங்க சொல்லுங்க. படிச்சுட்டு அழிச்சானா, படிக்காமலே அழிச்சானா?”

படிக்காமல் அழித்தார் என்பது எத்தனை பெரிய அவமரியாதை என்று என் புத்திக்குப் பட்டது. அவள் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன். “படிச்சுட்டுத்தான்மா. ஒரு வரி விடாம” என்றேன்.

“அம்மா அப்படிச் சொன்னதைப் படிச்சுமா வரல” என்றாள். ஜன்னல் கம்பியிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, “சரி. இனிமே அந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு யாரும் இங்க வர வேண்டாம்” என்றாள்.

நான் படியிறங்கினேன். பொய் என்று சொல்ல இருபது படி அவகாசம் இருந்தது.

5

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

அ) தம்பி போகிறார், அக்கா கதவைத் திறக்கிறாள். (திறப்பாளா? நான் சொல்லிவிட்டு வந்த பிறகா?)

ஆ) அம்மா சொன்னது இதுதான் என்று நானே ஏதாவது… இல்லை. அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை.

ஆகவே முடிவை எழுதாமல் நிறுத்துகிறேன். பேனாவை மூடிவிட்டு, அந்த மாடிக்குப் போய் ‘நான் சொன்னது பொய், அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை’ என்று சொல்லப் போகிறேன். மற்றதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

(மேலே உள்ள பத்தியை எழுதி ஒன்பது நாள் ஆகிறது. அதில் இரண்டு சொற்களை மாற்றியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.)