திரை தாங்கும் வேகம்

1988. ரெட்டியார்பாளையத்து அச்சகக் கம்ப்யூட்டர் திரையில் இன்னும் நிறைய வரிகள் தெரிய தேவதாஸ் ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தான். வரிகள் கூடினால் திரை அவற்றை இன்னும் வேகமாக வரைய வேண்டும்; அந்தப் பழைய திரை எந்த வேகம்வரை தாங்கும் என்று அவன் பார்க்கவில்லை. தன் ஆபீஸ் திரையில் ஓடியதே போதும் என்றிருந்தான்.

புரோகிராம் ஓடத் தொடங்கியதும், "சார், ஸ்கிரீன் கீச்சுனு கத்துதே, நிறுத்திடலாமா?" என்றாள், அங்கே டைப் அடிக்கும் கமலவேணி.

"உனக்கு என்னம்மா தெரியும்? சும்மா இரு."

மறுநிமிடம் புகை வந்து திரை இருண்டது. முதலாளி ஓடிவந்து அவளிடம் கத்தினார். "எதை அமுக்கித் தொலைச்ச? நாளையிலேர்ந்து வராத!"

அவள் தேவதாஸைப் பார்த்தாள். அவன் குனிந்து வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

திரை தாங்குமா என்று தெரியாவிட்டால் பழைய வேகத்திலேயே நிற்கும்படி, அன்று சாயங்காலமே புரோகிராமில் நாலு வரி சேர்த்தான். சரியாக வேலை செய்தது. மூலக்குளத்தில் அவள் வீடு அவனுக்குத் தெரியும். இன்றுவரை அந்தத் தெரு வழியாக அவன் போனதில்லை.