மழுங்கிய போல்ட்

பாகம் பிரித்தபோது நிலத்துக்கு நடுவே வரப்புப் போட்டார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், அம்மாவின் அண்டா குண்டாவைக்கூட விடவில்லை. டிராக்டரைத்தான் பிரிக்க முடியவில்லை. விற்றுப் பங்கு போடலாம் என்று தம்பிகள் இருவரும் குதித்தார்கள். குறுக்கே விழுந்து தடுத்தவள் அவர்களின் அக்கா, மெக்கானிக்கின் மனைவி.

"இது ஒண்ணாவது பொதுவா இருக்கட்டும்டா. இதைச் சாக்கா வெச்சாவது மூஞ்சியப் பாத்துக்குவீங்க."

பார்த்துக்கொண்டார்கள், கிழித்தார்கள்! ஒரு வாரம் பெரியவன், மறுவாரம் சின்னவன். வாரம் முடிந்ததும் பெரியவன் வண்டியைக் களத்து மூலையில் நிறுத்தி, சீட்டுக்கு அடியில் சாவியைச் செருகிவிட்டுப் போவான். அவன் தலை மறைந்த பிறகுதான் சின்னவன் வந்து எடுப்பான்.

இப்போது அந்த வண்டி மெக்கானிக்கின் பட்டறையில் நின்றது. கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. லீவரை இழுத்தால் பின்னாலிருந்த கலப்பை முக்கி முனகி முழங்கால் உயரம் எழும்பும், அங்கேயே நடுங்கும், பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிடும். மழை பெய்து மண் பதமாக இருந்த நேரம். இருவருக்கும் அவசரம். அதனால் இருவருமே மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு சோறு போட்டு எத்தனை வருசமாச்சு! இன்னைக்கு விடக் கூடாது."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மச்சினன்கள்மேல் மெக்கானிக்குக்குப் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. ஆனால் சமையலறையிலிருந்து வந்த பாத்திரச் சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்காகவே வாயைத் திறக்காமல் வேலையைத் தொடங்கினார்.

போன பருவத்தில் லிஃப்ட் பிஸ்டனுக்குப் புது ரப்பர் ரிங் போட்டவர் அவர்தான். முதலில் தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டார். மூடியைக் கழற்றினார். ரிங் போட்டது போட்டபடி இருந்தது. வடிகட்டியும் சுத்தம். லிஃப்ட்டைத் தூக்கும் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவினால் நுனியில் மட்டும் எண்ணெய், அதுவும் நுரையாக. எங்கும் ஒழுகிய தடம் இல்லை. எண்ணெய் பற்றாமல் காற்றைக் குடித்துக் குடித்து பம்ப்பின் பல்லெல்லாம் கீறிக் கிடந்தது.

எண்ணெய் எங்கே போயிற்று? கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றினால் அதிகம். இதற்கோ மூலையெல்லாம் மழுங்கி வழுக்கையாகியிருந்தது. ஒரு பக்கம் பைப் ரென்ச்சின் பல் தடம். மறுபக்கம் உளி வெட்டு. பைப் ரென்ச் வைத்திருப்பவன் பெரியவன். சின்னவனுக்கு எல்லாவற்றுக்கும் உளியும் சுத்தியலும்தான், பூட்டுச் சாவி தொலைந்தாலும்.

விஷயம் இவ்வளவுதான். தன் வாரம் முடிந்ததும் ஒவ்வொருவனும் தான் ஊற்றிய எண்ணெயைக் கேனில் வடித்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். என் எண்ணெயில் அவன் உழுவதா? வடிக்கும்போது கை கொஞ்சம் தாராளம், திரும்ப ஊற்றும்போது கஞ்சத்தனம். மெக்கானிக் படுத்த வாக்கிலேயே சிரித்துவிட்டார். உள்ளே தாளிக்கும் வாசனை வந்ததும் சிரிப்பு அடங்கியது. பம்ப் பழசாகிவிட்டது என்று சொல்லி மழுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

பெரியவன் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"என்ன மாமா, நீங்க போட்ட ரிங்கு ஒரு பருவம்கூடத் தாங்கலையே?"

சின்னவன் எட்ட நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. போல்ட்டைக் கழற்றி எடுத்து இருவர் முகத்துக்கும் நேரே நீட்டினார்.

"இது உன் ரென்ச்சு, இது அவன் உளி. மாத்தி மாத்தி வடிச்சு பம்ப்பைக் கொன்னுட்டீங்க. வெக்கமா இல்லையாடா?"

பெரியவன் சின்னவனைப் பார்த்தான். சின்னவன் பெரியவனைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமாவுக்கு வயசாயிடுச்சு. ரிங்கைக் கோணலாப் போட்டுட்டு நம்ம தலையில கட்டறாரு," என்றான் பெரியவன்.

"நானும் அதையேதான்ணே நெனச்சேன்," என்றான் சின்னவன்.

அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலப்பையைக் கழற்றிப் போட்டார்கள். பெரியவன் போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கீழே படுத்து மாட்டினான், சின்னவன் பட்டறை டப்பாவிலிருந்த எண்ணெயை மேலே ஊற்றினான். கை பழகிய வேலை, நிமிஷத்தில் முடிந்தது. வேறு மெக்கானிக்கிடம் போவதாகப் பேசிக்கொண்டார்கள். பெரியவன் ஓட்ட, சின்னவன் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தான். சின்ன வயதில் அவன் உட்காரும் இடம் அது.

சத்தம் கேட்டு அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"தம்பி, இலை போட்டாச்சுடா!"

வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. இருவரில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்தார். தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்தும் அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"நீ ஆசைப்பட்ட மாதிரியே ஒண்ணு சேந்துட்டாங்க. சின்னவன் வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிட்டான்."

அவள் வெறும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை ஒருத்தனும் அக்கான்னு கூப்பிடலையேங்க," என்றாள்.