காயாத ஓலை

1951 ஆனி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, கிணறு வெட்டும் ராக்கனின் மகள் செவந்தி உட்கார்ந்திருந்த ஓலைக் குடிசை தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி, அவளையும் உள்ளே வைத்துக்கொண்டு, மூன்று மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனது. நேரில் பார்த்ததாக நெடுங்கரைப்பட்டியில் இன்றைக்கு நாற்பது பேர் சொல்லுவார்கள். நம்ப வேண்டாம். பார்த்தது ஏழு பேர்தான், அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

இந்த ஊரில் பொம்பளைப் பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து வாசலுக்குப் பக்கத்தில் குடிசை கட்டுவான். பதினாறு நாள் பிள்ளை அதைவிட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. அதற்குள் ஓலை காய்ந்துவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குடிசையைப் பிரித்து எரித்துவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி. செவந்தி அப்போது ஏழாவது படித்தாள், கணக்கில் கெட்டி. அவளைத் தானே கட்டிக்கொள்ளுவது என்று தாய்மாமன் செல்லமுத்து குடிசைக்குக் கால் நடும்போதே முடிவு செய்திருந்தான். ராக்கன் யாரையும் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. பெண்டாட்டி ராசாத்தி அழுதாள், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

குடிசை சாயங்காலம் நாலரைக்குத் திரும்பி வந்து பழைய குழியிலேயே காலை ஊன்றிக்கொண்டது. ஊர் கூடியது. பிள்ளை குடிசையைவிட்டு வெளியே வந்தாளா என்று கேட்டார்கள். வரவில்லை. அப்படியென்றால் முறைப்படி குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். மறுநாளும் அது எட்டு மணிக்குக் கிளம்பியது, பிறகு தினமும். பள்ளிக்கூடத்தில் குடிசை ஜன்னலோரம் நின்றது. வாத்தியார் கரும்பலகையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பேர் கூப்பிட்டதற்கு ஓலைக்குள்ளிருந்து ‘உள்ளேன் ஐயா’ என்று வந்தது, ரிஜிஸ்டரில் போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் ஓலை காயவில்லை. அறுபதாம் நாளும் காயவில்லை. செல்லமுத்து தினமும் வந்து ஓலை நுனியை ஒடித்துப் பார்ப்பான். அது முறியாமல் வளைந்துகொடுக்கும். ஓலை காயாமல் குடிசையைப் பிரிக்க முடியாது, குடிசையைப் பிரிக்காமல் தாலி கட்ட முடியாது. அந்தக் குடிசையை அவன் பகையாளியாகவே பார்த்தான், ராக்கன் வீட்டு ஆடாவது அவனைக் கண்டால் ஒதுங்கும்.

அடுத்த வீட்டுக் கண்ணாத்தாளுக்குத் தூக்கம் போனது அப்போதுதான். அவளுக்கு இரண்டு கிணறு, நாலு மாடு, அழகம்மாள் என்று ஒரே மகள். அழகம்மாளையும் அதே ஏழாவதிலிருந்து செவந்திக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியபோது யாருக்கும் வருத்தமில்லை. ராக்கன் மகள் போகிறாள் என்றதும் கண்ணாத்தாளுக்கு வயிறு எரிந்தது. பொன்னமராவதியிலிருந்து அண்ணனை வரவழைத்துத் தென்னங்கீற்றில் பெரிய குடிசையாகக் கட்டி, சடங்கெல்லாம் முடிந்த மகளைத் திரும்ப உட்காரவைத்தாள். அது அசையவே இல்லை, மூன்றாம் நாள் சருகாகிவிட்டது. பிறகு ராக்கன் வீட்டு ஆட்டையே அவிழ்த்துக் குடிசையில் விட்டாள். ஆடு வயிறு முட்டத் தின்றது, விடிந்தால் ஓலை பழையபடி இருந்தது. கடைசியில் ஒருநாள் காலை மகளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து செவந்தியின் குடிசைக்குள்ளேயே தள்ளினாள்.

“ஏத்தா, இதுல ஒருத்திக்குத்தான எடம்” என்றாள் ராசாத்தி.

“ஒன் மவ ஒடம்பைச் சுருக்கிக்கிட்டு ஒக்காரட்டும்டீ. அவ போறப்ப எம்மவ வீட்டுல சாணி தட்டணுமோ?”

குடிசை ஒரு முழம் அகன்று கொடுத்தது. எட்டு மணிக்குக் கிளம்பியது.

கண்ணாத்தாளைத் தர்மவதி என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அவளுக்கு அப்படி ஒரு எண்ணம் கிடையாது. தன் மகள் கஞ்சி குடிக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று தூக்குச்சட்டி நிறைய நெல்லுச்சோறு கொடுத்துவிட்டாள். அதை இரண்டு பேரும் தின்றார்கள். ராக்கன் மகளிடம் இல்லாத புத்தகமாகப் பார்த்து வாங்கினாள். அதை இரண்டு பேரும் படித்தார்கள். கண்ணாத்தாள் மகளைப் பார்த்து மாதா கோயில் தெரு இன்னாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “எங்க சனத்துல இந்தச் சடங்கெல்லாம் இல்லைதான், அதுக்காக எம்புள்ளைக்கு எழுத்து வேணாமா?” என்று தன் மகளையும் கொண்டுவந்து ஏற்றினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. வருஷத்துக்கு ஒரு முழம் குடிசை அகன்றது. அத்தனையும் பொறாமையில் நடந்தது.

1955 தை மாசம் செல்லமுத்து பொறுமை இழந்து தீப்பந்தத்தோடு வந்துவிட்டான். செவந்தி பத்தாவது, பள்ளிக்கூடம் முடிகிற பதினோராவது பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பச்சை ஓலையானாலும் மண்ணெண்ணெய் ஊற்றினால் எரியும் என்று டின்னும் கொண்டுவந்திருந்தான். செவந்தி உள்ளேயிருந்து, “மாமா, எரிச்சாலும் நான் வெளிய வரமாட்டேன்” என்றாள். அவன் டின்னைத் திறந்தான். அப்போது கண்ணாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள்.

“டேய், என் நாத்தனா மவ எட்டாப்பு பாஸு பண்ணிட்டு என் மூஞ்சிக்கு நேரா பீத்திக்கிறா. எம்மவ பதினொண்ணு முடிக்காம இந்த ஓலையில கை வச்சே, ஒன் வீட்டுக் கூரையை நான் கொளுத்துவேன்.”

“ஒங்க மவளை எறக்கிக்கிட்டுப் போங்க, நான் கட்டப்போறது என் அக்கா மவளை.”

“அவ இல்லாம எம்மவளுக்குக் கணக்கை ஒங்கப்பனா சொல்லிக்கொடுப்பான்?”

செல்லமுத்து டின்னை மூடிக்கொண்டு போனான். வைகாசியில் கறம்பக்குடியில் வேறு பெண்ணைக் கட்டினான்.

1956 பங்குனியில் இரண்டு பேரும் ஜன்னல் வழியாகக் கேள்வித்தாளை வாங்கிப் பரீட்சை எழுதினார்கள். செவந்தி பாஸ், அழகம்மாள் பெயில். கண்ணாத்தாள் வீட்டில் மூன்று நாள் உலை வைக்கவில்லை. நாலாம் நாள் மகளை மறுபடியும் படிக்க உட்காரவைத்தாள், புரட்டாசியில் எழுதி அவளும் பாஸானாள். செவந்தி அந்த வருஷமே வாத்தியார் ட்ரெயினிங்குக்குப் புதுக்கோட்டை போகவேண்டியிருந்ததால், ஐந்து வருஷம் கழித்து அவளுக்குப் பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். குடிசையைப் பிரிக்கவில்லை. உள்ளே இன்னும் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள்.

கிளம்பின அன்று செவந்தி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ரோட்டுக்கு நடந்தாள். அதே நேரம் குடிசையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. குடிசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது தினமும் போவதுதான். கிணறு வெட்டுகிறவன் மகள் ஒண்டியாக பஸ் ஏறி டிக்கெட் கேட்பதைத்தான் ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தது.