பூமத்திய ரேகைக்கு வடக்கே

எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று முறை கண்ணில் படாத பிழையைப் பிழை என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம். முதல் முறை என்றால் ஏதோ கம்பி தளர்ந்திருக்கும். இரண்டாம் முறை தற்செயல். மூன்றாம் முறை வந்தால்தான் அதற்கு ஒரு எண் கொடுத்து, காகிதம் எழுதி, மேலே அனுப்புவோம். பிரேசிலின் தென்பக்கம் இருக்கும் சாவோ ஜோசேவுக்கு வேலைக்கு வந்த பதினான்கு வருடங்களில், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதை நான்தான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். இன்று நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து வந்ததும் எட்மில்சன் விளையாட்டை ஆரம்பித்தான். என் பக்கத்து மேசைக்காரன், நாட்டின் வடகோடியில் அமேசான் ஆற்றங்கரையில் இருக்கும் மக்காப்பா ஊர்க்காரன். கூடத்தின் நடுவில் விமானம் இல்லாத விமானி அறை ஒன்று இருக்கிறது. போர் விமானத்தில் இருக்கும் அதே கணினிகள், அதே திரைகள், கீழே மட்டும் சிமெண்டுத் தரை. அதை இயக்கினால் எப்போதும் எங்கள் ஊர் ஓடுபாதையிலிருந்துதான் கிளம்பும். யாரும் மாற்றியதில்லை.

"இன்னிக்கு எங்க ஊருக்குப் பறக்கலாம் வா, கிளியோ. எங்க மைதானத்துல நடுக்கோடே பூமத்திய ரேகைதான். ஒரு அணி தெற்குல ஆடும், இன்னொண்ணு வடக்குல ஆடும்."

"ரெண்டு அணியும் எங்கயுமே ஆடாதுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா, உங்க ஊர்ல மட்டும் ரொம்பக் கிழிச்சுட்டாங்க!"

மக்காப்பாவின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டிவிட்டு, மைதானத்துக்குத் தெற்கிலிருந்து வடக்கே நேராகப் பறக்கவிட்டான். திரையில் மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவில் அடிவானக் கோடு. பூமத்திய ரேகையைத் தாண்டி ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அந்த அடிவானம் மெதுவாக, மிக மெதுவாக, இடப்பக்கம் சாய ஆரம்பித்தது.

எட்மில்சனின் சிரிப்பு நின்றது.

"எதையாவது தொட்டியா?" என்றேன்.

"கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன், பாரு."

மூன்று நிமிடத்தில் பன்னிரண்டு பாகை சாய்ந்திருந்தது. விமானமோ நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு வெளியே எதுவும் தெரியாது. அந்தக் கோடுதான் அவருக்குப் பூமி. கோடு சாய்ந்தால் அதை நேராக்கப் பார்ப்பார், உண்மையில் விமானத்தைச் சாய்ப்பார். உடம்புக்கு அது உறைக்காது. சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கிக்கொண்டே இருப்பார்.

 அந்த அடிவானத்தை வரையும் புது நிரலை எழுதியவள் நான். போன மாதம்தான் அதை மூன்று விமானங்களில் ஏற்றினார்கள். அதில் ஒன்றை அந்த நேரம் பெலெமிலிருந்து மக்காப்பாவுக்கு ஓட்டிக்கொண்டு போனவள் விமானப்படை லெப்டினன்ட் நயாரா. என் கூடப் பிறந்த தங்கை. மதியம்தான் போனில் செய்தி அனுப்பியிருந்தாள்: "மூணு மணிக்கு மக்காப்பா. ஆத்தங்கரையில இறால் திங்கப் போறேன். நீ வயிறெரிஞ்சுக்கோ."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இரண்டு.

"போன் பண்ணு," என்றான் எட்மில்சன்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்."

நான்தான் சொன்னேன். பயத்தில் சொன்னேன். ஒரு முறை வந்ததை வைத்துக்கொண்டு விமானப்படைக்கு யாரும் போன் பண்ணமாட்டார்கள். என் பேச்சை நம்பி எல்லா விமானங்களையும் தரையில் நிறுத்திவிட்டு, கடைசியில் கம்பிதான் தளர்ந்திருக்கிறது என்று ஆகிவிட்டால்? அந்த நிரலுக்குக் கீழே கையெழுத்தும் என்னுடையது. தங்கையின் உயிருக்குப் பயந்த அதே நெஞ்சு என் பெயருக்கும் பயந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

இரண்டாம் முறையும் சாய்ந்தது.

"கிளியோ, அவ உன் தங்கச்சி!"

"இந்நேரம் எறங்கியிருப்பா. இன்னும் ஒரே ஒரு தடவை."

மூன்றாம் முறை தானியங்கி விமானியிடம் ஓட்டத்தை விட்டுவிட்டு நிரலைத் திறந்து பார்த்தேன். கண்ணெதிரே இருந்தது. தெற்கு என்றால் அட்சரேகை எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். எங்கள் வேலையெல்லாம் தெற்கில்தான். தினம் ஐம்பது தடவை யார் அதைத் தட்டுவது என்று, இரண்டு வருடம் முன்பு நிரலே கழித்தல் குறியைப் போட்டுக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினேன். சோதனைக் கூடத்துக்கு மட்டும் என்று எழுதியது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது அதுவும் கூடவே விமானத்தில் ஏறிவிட்டது. அந்த வரிக்கு உலகத்தில் வடக்கே கிடையாது. வடக்கே போகும் விமானம் தெற்கே போவதாகச் செயற்கைக்கோள் சொல்கிறது என்று அது நம்பும். விமானத்துக்குள்ளேயே திசையை உணரும் சுழலிகள் வடக்கு என்று சொல்லும். இரண்டையும் சமாதானப்படுத்த முடியாமல், அடிவானத்தின் மேல் பழியைப் போட்டு அதைச் சாய்க்கும்.

மணி மூன்று பதின்மூன்று. எட்மில்சன்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தான். விமானப்படையில் பணியிலிருந்த சார்ஜென்ட் எடுத்தார்.

"லெப்டினன்ட் நயாரா எறங்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. மக்காப்பால மழை கொட்டுது. ஊருக்கு வடக்க சுத்திக்கிட்டிருக்கச் சொல்லியிருக்காங்க. முழுக்க மேகம்."

"பெரிய திரையை நம்ப வேண்டாம்னு சொல்லுங்க. கீழ சின்னதா தனி அடிவானக் கருவி இருக்கு, அதை மட்டும் பாத்து ஓட்டச் சொல்லுங்க. இப்பவே!"

"இது யாரு உத்தரவு?"

"உத்தரவு இல்லைங்க. அதை எழுதினவ நான். தப்பா எழுதிட்டேன். நான்தான் தப்பா எழுதிட்டேன்!"

 அவர் யாரையோ பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.  எட்மில்சன் கொடுத்த காபி பாதி என் மடியில் கொட்டியது. மூன்றாவது ஓட்டத்தை யாரும் நிறுத்தவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். சாய்ந்த கோட்டை நேராக்கப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய் விமானம் தானாக இறங்கி ஆற்றில் விழுந்திருந்தது. உயரம் பூஜ்யம். திரையில் அடிவானம் மட்டும் வெகு நேர்த்தியாக, நேராக நின்றது. நான் எழுந்து போய் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினேன்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு என் போன் அடித்தது. நயாரா.

"அக்கா."

 அவள் பக்கம் தகரக் கூரையில் மழை அறைந்தது.

"உயிரோடதான் இருக்கேன். மூச்ச விடு."

"எவ்வளவு கீழ வந்துட்ட?"

"முந்நூறு மீட்டர். மேகத்துலருந்து வெளிய வந்தா ஆறு எனக்குப் பக்கவாட்டுல நிக்குது. அதப் பாத்து நேராக்கித்தான் எறங்கினேன்." குரலைத் தாழ்த்தினாள். "சின்னதும் பெருசும் வேற வேற சொல்லுச்சுக்கா. சேதி வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏண்டி பெருசையே புடிச்சுக்கிட்டிருந்த?"

"நீ எழுதினதாச்சே. சின்னதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். வேற எவனாவது எழுதியிருந்தா அப்பவே விட்டிருப்பேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எட்மில்சன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"மூணு ரெண்டுக்கு."

"எனக்குச் சேதி வந்தது மூணு பதினேழுக்கு."

"மூணு தடவை ஓட்டிப் பாத்தேன், நயாரா."

எங்கள் கூடத்துப் பழக்கம் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். அவள் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டதுபோல இருந்தது. 

"சரிக்கா," என்றாள். "இனிமே ரெண்டும் வேற வேற சொன்னா, நான் உன்னோடதை நம்ப மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். ஒரு விமானி அப்படித்தான் இருக்க வேண்டும். நானும் "சரி" என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், கூடமே வேலையை விட்டுவிட்டுப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.