இருபத்தோராம் கல்லில் துண்டு யார் கையில்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இடது முழங்கால் மேல் சத்தியம். வலது முழங்கால் மேல் செய்ய முடியாது. அது ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்தது. சொந்தமில்லாத பொருள் மேல் சத்தியம் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் ஓட்டக் கழகத்துக்கு ஒரு துண்டு உண்டு. உறுப்பினர்கள் நாலு பேர், துண்டு ஒன்று. பத்தொன்பது வருடமாகத் துவைக்கவில்லை.

துவைக்கக் கூடாது என்பதுதான் விதி. கழகத்தை ஆரம்பித்த மூன்று பெரியவர்களின் வியர்வை அதில் இருக்கிறது. மூவரும் காலமாகிவிட்டார்கள். வியர்வை மட்டும் இன்னும் காயவில்லை.

முதலில் அது வெள்ளைத் துண்டு என்கிறார்கள். இப்போதைய நிறத்துக்குப் பெயர் கிடையாது. வாசனைக்கும் கிடையாது. பக்கத்தில் வைத்தால் பால் திரியும். போன வருடம் எங்கள் வீட்டில் இருந்தபோது பல்லிகள் வரிசையாக ஜன்னல் வழியே வெளியேறின. கடைசிப் பல்லி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது.

ஒவ்வொரு வருடமும் நகர அரை மாரத்தானில் துண்டு எங்களோடு ஓடும். கிலோமீட்டருக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் துண்டு கைமாற வேண்டும். வாங்குபவர் இரண்டு கையாலும் வாங்கி முகம் முழுக்கத் துடைக்க வேண்டும். ஒற்றி எடுத்தால் செல்லாது. இருபத்தோராம் கல்லுக்குப் பிறகு மாற்றக் கூடாது. அதற்கப்புறம் தொண்ணூற்றேழு மீட்டர்தான். எல்லைக் கோட்டைத் துண்டோடு யார் தாண்டுகிறாரோ அவர் வீட்டில் அது ஒரு வருடம் இருக்கும். சாப்பிடும் இடத்தில், இலையில் உட்காருபவர் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும்.

போன வருடம் நான் தாண்டினேன்.

இந்த முறை கிளம்பும்போது சம்பூர்ணம் வாசல்படியில் நின்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ரெண்டுல ஒண்ணுதான். இந்த ஊட்டுல அந்தக் கருமாந்திரம் இருக்கோணும், இல்லீன்னா நீங்க இருக்கோணும்."

"இந்தத் தடவை வராது சம்பூர்ணம்."

"வந்துச்சுன்னா கதவு தொறக்காது."

நான் கவலைப்படவில்லை. கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போன வருடம் வைத்திருந்தவன் என்பதால் துண்டோடு கிளம்புவது நான். முதல் கல்லில் தலைவர் சென்னியப்பன் வாங்குவார். இரண்டாம் கல்லில் பல் டாக்டர் கலாமணி. மூன்றாம் கல்லில் மோட்டார் பம்பு கடை நாச்சிமுத்து. நாலில் மறுபடி நான். இப்படியே போனால் இருபத்தோராம் கல்லில் துண்டு தலைவர் கைக்குத்தான் போகும். அவர் வீட்டில் அதைவிட மோசமான பொருட்கள் இருக்கின்றன.

விடிகாலை ஐந்தரைக்குத் துப்பாக்கி வெடித்தது. ஓடினோம்.

தலைவர் ஓடிக்கொண்டே அவித்த முட்டை சாப்பிடுபவர். மடியில் பன்னிரண்டு முட்டை. தின்றுவிட்டு அந்த வாயோடு துடைப்பார். துண்டில் மஞ்சள் கரு மாவாக உதிரும். அடுத்து கலாமணி வாங்குவார். துடைத்து முடித்ததும் நாக்கால் தன் பற்களை எண்ணுவார்.

"இருபத்தெட்டு" என்றார் இரண்டாம் கல்லில்.

ஆறாம் கல்லில் "இருபத்தொம்போது" என்றார்.

"கூடுமுங்களா டாக்டர்?"

"கூடாது."

"அப்புறம்?"

"யாரோடதுன்னு தெரியலீங்க. கொஞ்சம் ஆடுது."

தண்ணீர்ப் பந்தலில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு பஞ்சு. நாலாயிரம் பேர் அக்குளில் பிழிந்த பஞ்சு. எனக்கு முன்னால் போனவர் அதைச் சப்பிவிட்டு வாளியில் போட்டார். தண்ணீர் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு ஓடினேன்.

பதினோராம் கல்லில் நாச்சிமுத்து துண்டை வாங்கினார். துடைத்தார். தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அடுத்த கல் வர வேண்டிய இடத்தில் அவர் வேகம் குறைந்தது. கால் இரண்டும் தாரில் இறங்கின. வயிற்றிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் மேலே ஏறியது. கழுத்துக்கு மேல் மஞ்சள். நெஞ்சில் கறுப்பு எழுத்தில் பன்னிரண்டு என்று வந்தது.

அந்த இடத்தில் கல் இல்லாமல் இருந்தது உண்மைதான். யாராவது நிற்கத்தான் வேண்டும்.

"என்னுங்க நாச்சிமுத்து, கல்லாயிட்டீங்க?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. நீங்க போங்க. நான் நிக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அடுத்த பெயிண்ட் அடிக்கிற வரைக்கும்னு வெச்சுக்குங்க."

"கடையை யாருங்க தொறக்கறது?"

"சாவி பாக்கெட்டுல இருக்குதுங்க. பாக்கெட்டுந்தான் கல்லாயிருச்சு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. துண்டு அவர் மேலேயே தொங்கியது. ஒரு நாய் வந்தது. கல்லைச் சுற்றி முகர்ந்தது. காலைத் தூக்கியது. நிதானமான நாய். கல்லிலிருந்து ஆரம்பித்துத் துண்டின் முனையில் முடித்தது. நாச்சிமுத்து முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் முதலாக ஒருவர் அவரை முழுசாகக் கல் என்று நம்பியதில் அவருக்குத் திருப்திதான் போல.

பன்னிரண்டாம் கல்லில் வாங்க வேண்டியது நான்.

"தலைவரே, இது நாய் நனைச்சதுங்க."

சென்னியப்பன் ஒரு முட்டையை விழுங்கிவிட்டு யோசித்தார். "விதியில நாயைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க ஆறுச்சாமி."

"அதனால?"

"தொடைங்க."

துடைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது என்பதை மட்டும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுச் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் கல்லைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது நாங்கள் மூன்று பேர். விரலை மடக்கினேன். பதினைந்தில் நான். பதினெட்டில் நான். இருபத்தொன்றில் நான்.

திரும்ப மடக்கினேன். விரல்கள் மாற்றிச் சொல்லவில்லை. கதவு திறக்காது.

"தலைவரே, நாச்சிமுத்து உறுப்பினர்தானே? அவரு முறை வந்தா அவருகிட்ட குடுக்கோணுமில்லீங்களா?"

"குடுக்கலாம். திரும்பி ஓடிப் போயிட்டு வாங்க."

கலாமணி சிரித்தார். பற்கள் அதிகமாகத் தெரிந்தன. "உங்கூட்டுலயே இருக்கட்டும் விடுங்க. அதுக்கு அங்க பழகிருச்சு."

பதினெட்டாம் கல்லில் துண்டு என்னிடம் வந்தது. அதற்கப்புறம் பாதை ஒரு அலுவலகத்துக்குள் போனது. எல்லா ஓட்டங்களிலும் இப்படித்தான். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு நடைவழி. நடையின் இருபக்கமும் பீரோக்கள். நாங்கள் ஓட ஓட நடை நீண்டது. நின்றால் அதுவும் நின்றது. தலைவர் நின்று ஒரு முட்டை சாப்பிட்டார். நடை அவருக்காகக் காத்திருந்தது.

கடைசியில் ஒரு ஜன்னல். உள்ளே ஓர் அம்மாள் காலை டிபனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லியைப் பிய்த்த கையாலேயே படிவத்தை நீட்டினார். ஓடிக்கொண்டிருப்பவர் இருக்கிறார் என்பதற்கான படிவம். மற்ற இருவரும் போன வருடத்துச் சான்றைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என்னுடையது துண்டுக்குப் பக்கத்தில் வைத்ததில் கரைந்துபோயிருந்தது.

"நீங்க இருக்கீங்களா?" என்றார் அம்மாள்.

"இருக்கறேனுங்க."

"எத்தனை வருசமா?"

"எழுபத்திரண்டு."

"தொடர்ச்சியாவா?"

யோசித்தேன். "பெரும்பாலும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். குறித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "கையில என்ன?"

"துண்டுங்க. கழகத்துத் துண்டு."

"அதுக்குத் தனிப் படிவம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு வயதுக்குப் பிறகும் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். துண்டையே நாலாவது உறுப்பினராக எழுதிவிட்டால்? நாச்சிமுத்துவின் இடம் காலியாகத்தானே இருக்கிறது. பத்தொன்பதில் தலைவர். இருபதில் கலாமணி. இருபத்தொன்றில் துண்டு. துண்டைத் துண்டே வாங்கிக்கொள்ளட்டும்.

படிவத்தை வாங்கி நிரப்பினேன். பெயர்: துண்டு. தந்தை பெயர்: காலமான மூன்று பேரையும் எழுதினேன். தொழில்: துடைப்பது. முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு வேறு முகவரி எனக்குத் தெரியாது. ஒரு வருடம் எங்கள் வீட்டில்தானே இருந்தது. கதவு எண்ணோடு எழுதிவிட்டேன்.

ஒரு பசைக் கட்டையை நாக்கால் நனைத்து, படிவத்தின் முனையில் தேய்த்து ஒட்ட வேண்டும். அந்தக் கட்டையை முன்னால் போனவர்கள் எல்லோரும் நக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் வெங்காயம் தின்றிருக்கிறார்.

அம்மாள் துண்டை வாங்கி முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இருக்குது" என்றார். டப்பென்று முத்திரை குத்தினார்.

பிறகு ஜன்னல் வழியாக எட்டி என்னையும் முகர்ந்தார். இரண்டு தடவை முகர்ந்தார்.

"உங்களுது ஒண்ணும் தெரியல. அப்புறமா வாங்க."

"எப்பங்க?"

"நல்லா இருந்துட்டு வாங்க."

என் படிவம் முத்திரையில்லாமல் திரும்பி வந்தது. அதை மடித்துப் பையில் வைத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

பத்தொன்பதில் தலைவர் வாங்கினார். இருபதில் கலாமணி வாங்கித் துடைத்துவிட்டு "முப்பத்தி ரெண்டு" என்றார். இருபத்தோராம் கல்லில் அவர் துண்டை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"உங்க முறைங்க."

"இல்லீங்க டாக்டர். அதோட முறை."

சான்றைக் காட்டினேன். தலைவர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு கண்ணாடி போட்டுப் படித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சரீங்க. உறுப்பினர்தான். ஆனா ரெண்டு கையால வாங்கோணுமே. அதுக்குக் கை ஏதுங்க?"

"ரெண்டு முனை இருக்குதுங்களே."

துண்டு தன் இரண்டு முனைகளால் தன்னை வாங்கிக்கொண்டது. மரியாதையாகத்தான் வாங்கியது. அடுத்து முகம் துடைக்க வேண்டும். தன்னைத் தானே மடித்துத் துடைத்துக்கொண்டது. அழுத்தித் துடைத்தது. ரொம்ப நேரம் துடைத்தது. சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பத்தொன்பது வருடம் எங்கள் முகத்தைத் துடைத்த பொருளுக்கு அந்த அளவு அந்தரங்கம் கொடுக்க வேண்டாமா?

பிறகு அது தன் சான்றைத் தலைவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடியது. நல்ல ஓட்டம். மூச்சு வாங்கவில்லை. தொண்ணூற்றேழு மீட்டரையும் ஒரே வீச்சில் கடந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். மெடலை மாட்டினார்கள். மாட்டிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள். துண்டு ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தியது. ஆட்டோக்காரர் பேரம் பேசவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அதே தொண்ணூற்றேழு மீட்டரை நாங்கள் மத்தியானம்வரை ஓடினோம். எல்லைக் கோட்டு வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரிக்குப் பின்னால் ஓடி அதைத் தாண்டினோம்.

ஆனாலும் எனக்கு சந்தோஷம். தோள் காலியாக இருந்தது. முகத்தில் காற்று பட்டது. இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். காலிங் பெல்லை அழுத்தினேன்.

"யாருங்க அது?" உள்ளேயிருந்து சம்பூர்ணத்தின் குரல்.

"நான்தான்."

"நானுன்னா?"

"ஆறுச்சாமி. துண்டு கொண்டுவரல சம்பூர்ணம். கதவைத் தொற."

"அவரு அப்பவே வந்துட்டாருங்களே. மெடலோட."

"அது நானில்ல. அதுதான் துண்டு."

பிறகு வளையல் சத்தம். ஜன்னல் ஒரு சாண் திறந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். கொஞ்சம் முகர்ந்தும் பார்த்தாள்.

"மொகத்துல ஒரு சொட்டு வேர்வை இல்லீங்களே. ஓடுனவருன்னு எப்படி நம்பறதுங்க?"

"எல்லாம் அதுலதான் தொடைச்சேன்."

"சான்று ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? அவரு காட்டுனாரு. கதவு எண்ணெல்லாம் சரியா இருந்துச்சு."

பையிலிருந்து படிவத்தை எடுத்து மல்லிகையோடு நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரையைத் தேடினாள். மல்லிகையைப் படிவத்தோடு சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"ரெண்டுல ஒண்ணுதான்னு காத்தாலயே சொன்னேனுங்களே."

"யாருகிட்ட சொன்ன?"

"எங்கூட்டுக்காரருகிட்ட. சத்தம் போடாதீங்க, குளிச்சிட்டிருக்காரு."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு பிழிகிற சத்தம். கதவின் அடியிலிருந்து ஈரம் வெளியே வந்தது. படி இறங்கி வந்து என் ஷூவை நனைத்தது. அதில் அந்த மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். முட்டை இருந்தது. நாய் இருந்தது. ஒரு பல் உருண்டு வந்தது. கடைசியாக வந்த வாசனை எனக்குத் தெரிந்ததாக இருந்தது. குனிந்து முகர்ந்தேன். அது என்னுடையது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

சத்தியம் செய்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.