முப்பத்தேழாம் எண்ணிலிருந்து

எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று ரயில் நிலைய ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறாள். வீட்டிலும் அதே குரல்தான். அவள் சாப்பிடக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் கை கழுவிவிடுவார்.

அவளுடைய ஒரே மகள், பதினேழு வயதுக்காரி, பியானோ வாசிப்பாள். விரல் வேகத்துக்குக் குறைவில்லை. மனப்பாடம்தான் நடுவில் காலை வாரிவிடும். போன வருடப் போட்டியில் பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் மறுபடி நின்று, அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினாள். இப்போது அறுபது பேர் கொண்ட இசைக்குழுவோடு கான்செர்ட்டோ என்னும் மூன்று பகுதி இசையை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம், புத்தகம் பார்க்காமல். பக்கத்தைத் திறந்தால் எறும்பு மொய்த்தது போல் அத்தனை சுரம்.

"இதுலயும் நின்னுட்டேன்னா, அதோட பியானோவை மூடிடுவேன்மா" என்றாள் மகள். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. பிடிவாதத்தில் அம்மாவையே உரித்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு இசை எழுத்து ஒன்றும் புரியாது. புத்தகத்தைப் புரட்டியபோது எண்கள் மட்டும் கண்ணில் பட்டன.

"இதென்னடி, அங்கங்க கட்டம் கட்டி நம்பர் போட்டிருக்கு?"

"ஒத்திகையில நிறுத்தினா, எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றதுக்கு."

"அப்ப ஸ்டேஷன் மாதிரின்னு சொல்லு. நடுவழியில நின்ன வண்டி புறப்பட்ட ஊருக்கா திரும்பிப் போகுது? அடுத்த ஸ்டேஷனுக்குத்தானே போகுது?"

மகள் சிரித்தாள். மறுநாளிலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. பல் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும், "பயணிகளின் கவனத்திற்கு, எண் நாற்பத்தொன்று" என்று அறிவிப்பு வரும். போட்டதைப் போட்டபடி ஓடிவந்து அங்கிருந்து வாசிக்க வேண்டும். முதல் வாரம் பத்துக்கு எட்டு தடவை விழித்தாள். "உயிரை வாங்குறியேம்மா" என்று சண்டை போட்டாள். அப்பா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "இது வீடா, ஜங்ஷனா?" என்று கேட்டுப் பார்த்தார். அவரை யார் கண்டுகொண்டார்கள்?

நாலு மாதத்தில், எண்ணைச் சொன்னதும் மகளுடைய விரல்கள் சாப்பாட்டு மேஜையிலேயே ஓடத் தொடங்கின. சுரம் தெரியாத அம்மாவுக்கும் ஒவ்வொரு எண்ணும் எப்படி ஒலிக்கும் என்பது அத்துப்படியாகிவிட்டது.

கச்சேரியன்று அம்மாவும் அப்பாவும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு பகுதிகளும் வழுக்கிக்கொண்டு போயின. கடைசிப் பகுதியில், முப்பத்தாறைத் தாண்டியதும், மேலே மேலே ஏறும் ஒரு வரிசையின் நடுவில் மகளின் கைகள் நின்றன. மெதுவாக மடிக்கு இறங்கின. இசைக்குழு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. போன வருடத்து முகம் அப்படியே அவளிடம் வந்துவிட்டது.

அம்மா இருக்கையின் நுனிக்கு வந்தாள். ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாயை இப்போது மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கே எழுந்து அறிவித்துவிடுவாளோ என்ற பயத்தில் கணவர் அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் பல்லுக்குள்ளேயே சொன்னாள்: முப்பத்தேழு. முப்பத்தேழுடி கண்ணு.

புல்லாங்குழல்கள் முப்பத்தேழின் வாசலுக்கு வந்தன. மகளின் முதுகு நிமிர்ந்தது. கைகள் எழுந்தன. குழுவோடு ஒன்றாக, இம்மி பிசகாமல், முப்பத்தேழில் வந்து இறங்கினாள். அதற்கப்புறம் அவள் வாசித்தது வீட்டில் ஒருநாளும் கேட்காத வாசிப்பு. பயம் விட்டுப்போனவளின் வாசிப்பு. கடைசிச் சுரம் அடங்குவதற்குள் அரங்கமே எழுந்து நின்றது.

கணவரின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அம்மாவும் எழுந்து தட்டினாள். நிற்காமல் வாசித்திருந்தால்கூட இத்தனை பெருமை வந்திருக்காது. விழுந்த இடத்திலிருந்து எழுந்தவள் தன் மகள் என்று கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும் போல் இருந்தது.

கைதட்டிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைப் பெண்மணி குனிந்து கேட்டார். "நடுவுல கையை மடியில வெச்சுக்கிட்டு, குழு வாசிக்கிறதையே கேட்டுட்டு இருந்தாங்களே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அது அப்படித்தான் எழுதியிருக்காங்களா?"

"ஆமா. முப்பத்தாறுலேருந்து முப்பத்தேழு வரைக்கும் அப்படித்தான் எழுதியிருக்கு" என்றாள் அம்மா, வேலை நேரத்துக் குரலில்.

இருபத்திரண்டு வருடத்தில் தெரிந்தே அவள் கொடுத்த முதல் தவறான அறிவிப்பு அது. பக்கத்தில் கணவருக்கு இருமல் வந்து அடங்க வெகுநேரமாயிற்று.